ஸ்ரேசனுக்கு வந்த வளைவு

2025 மாசி 3, திங்கள்

மறுபடியும் சிறுநீரில் கிருமி. மறுபடியும் அதே குளிசை. கிளினிக்கில் இருந்த டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. "அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். "நல்லாக் குடிக்கிறனான் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பச்சைப் பொய். காலையில் வீட்டில் அரைக் குவளை தேத்தண்ணி. அதற்குப் பிறகு, பின்னேர முறைக்காரன் வந்து கொடியைக் கையில் வாங்கும்வரை ஒரு சொட்டும் இல்லை. குடித்தால் போக வேண்டும். எங்கே போவது?

ரயில் கடவைக் காவல் என்றால் ஊரில் சிலபேர் ஏதோ கவர்மெண்ட் கந்தோர் என்று நினைக்கிறார்கள். ஒரு தகரக் கொட்டில், ஒரு கதிரை, இரண்டு கொடி, றோட்டுக்குக் குறுக்கே இழுத்துக் கட்ட ஒரு கயிறு. என் கந்தோர் அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் ஸ்ரேசன் இருக்கிறது. அதில் ஒரு கக்கூஸும் இருக்கிறது. பைப் உடைந்து, கதவில் பலகை அடித்து மூடிக் கிடக்கிறது. ஆம்பிளையளுக்குப் பனங்காணி இருக்கிறது. நான் அந்தரமென்றால் எதிர்ப்பக்கம் பூரணமக்கா வீட்டுக்கு ஓடுகிறேன். அவ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "உன்ரை வீடு மாதிரி நினைச்சுக்கொண்டு வா" என்பா. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் படலையைத் திறக்கும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இடுப்பு வலிக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

மாசி 7, வெள்ளி

முத்துக்குமாரு ஐயா சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "பிள்ளை உதயகலா, எங்கடை ஸ்ரேசனுக்குக் காசு ஒதுக்கியாச்சு! புதுசாக்கப் போறாங்கள். சனம் என்ன கேக்குதோ அதைத்தான் செய்வினமாம். ஞாயிற்றுக்கிழமை இல்லை, அடுத்த ஞாயிறு கூட்டம்." பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஸ்ரேசன் அபிவிருத்திக் கொமிற்றித் தலைவர். குரல் இன்னும் காலைப் பிரார்த்தனைக் குரல்தான்.

கக்கூஸ்! அரசாங்கக் காசில், தண்ணீரோடு, உள்ளே கொளுக்கியோடு ஒரு கக்கூஸ்!

ஓடிப்போய்ப் பூரணமக்காவிடம் சொன்னேன். அவவுக்கும் சந்தோசம். "கட்டாயம் கேக்கவேணும். ரயிலுக்கு வாற பொம்பிளையள் எத்தினைபேர் என்ரை படலையைத் தட்டுதுகள்" என்றா. யார் கேட்பது? "நீ கேளன். நீதானே உதிலை நாள் முழுக்கக் கிடந்து வாடுறாய். நான் பக்கத்திலை இருப்பன்."

அவவின் கக்கூஸுக்கு ஒரு கதை உண்டு. இடம்பெயர்ந்து போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விட்டபோது வீடில்லை, மதிலில்லை, எல்லாம் ஒரே பற்றை. எது யாருடைய வளவு என்று தெரியாமல் சனம் நின்று அழுதது. பூரணமக்கா மட்டும் கத்தியோடு பற்றைக்குள் இறங்கி, மூலையில் கிடந்த கக்கூஸ் கல்லைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஏறி நின்று "இதுதான் என்ரை எல்லை!" என்று கத்தினாவாம். நில அளவைக்காரர் அந்தக் கல்லிலிருந்துதான் நூல் பிடித்தார்களாம். பிறகு கோயில் வீதிப் பக்கத்துக் காணிக்காரன் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டான் என்று கோட்டுக்குப் போய், வழக்காடி, ஒரு முழ நிலத்தை மீட்டவ. அந்தக் கல்லின்மேலேயே திரும்பவும் கக்கூஸைக் கட்டி, அதை ஒட்டி வேலியும் போட்டிருக்கிறா. என்னைப் போன்றவர்கள் போய்வருவது அதற்குத்தான்.

மாசி 16, ஞாயிறு

சீ. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சனசமூக நிலையத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து இரண்டு பெரியவர்கள், மொழிபெயர்க்க றஜிதா என்று ஒரு இளம் மிஸ். அவதான் வேலையைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தராம். மாலை, சந்தனம், குங்குமம், குத்துவிளக்கு, எல்லாம் தடல்புடல். முத்துக்குமாரு ஐயா எழும்பினார். வளைவு வேண்டும் என்றார். ஸ்ரேசன் வாசலில் உயரமாக ஒரு வளைவு, அதில் ஊரின் பெயர். "இவ்வளவு காலமும் எங்கடை ஊர் அடையாள அட்டையிலை மட்டும்தான் இருந்தது. ரயிலாலை இறங்கிற பிள்ளை நிமிர்ந்து பார்க்கேக்கை ஊர்ப் பேர் தெரியவேணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். பொய் சொல்லக்கூடாது, நானும் தட்டினேன். எனக்கும் கண் கலங்கியது. கோதாரி பிடித்த கண்.

பிறகு கேட்டார்: "பெண்கள் பக்கத்திலை ஏதும்?"

பூரணமக்கா என் இடுப்பில் இடித்தா. நான் எழும்பினேன். மேசையில் விளக்கு எரிகிறது. மாலை போட்ட பெரியவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். றஜிதா மிஸ் பேனையோடு காத்திருக்கிறா. அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"ஒரு... வாங்கு போட்டால் நல்லம் ஐயா. இருக்கிறதுக்கு."

"நல்ல யோசனை!" என்றார் ஐயா. அதற்கும் கை தட்டினார்கள்.

வாங்கு! விசரி, வாங்கா கேட்டாய்? நாள் முழுக்கக் கதிரையில் குந்தியிருக்கிறவள், இன்னும் இருப்பதற்கு வாங்கு கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மயிலிட்டியிலிருந்து கடலுக்குப் போய் வந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "கடலிலை எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லையப்பா" என்றார். நான் மூன்று நாளைக்குக் கதைக்கப் போவதில்லை.

மாசி 17, திங்கள்

கதைத்துவிட்டேன். அரிசி முடிந்துவிட்டது, சொல்லத்தானே வேண்டும்.

பங்குனி 24, திங்கள்

வேலை தொடங்கியது. முதல் வேலையாகப் பழைய கக்கூஸை இடித்தார்கள்.

ஏன் என்று கேட்டேன். வளைவுக்குப் பின்னால் அது தெரியுமாம், படம் எடுத்தால் வடிவிராதாம். இரண்டு வருடமாக அந்தக் கதவைப் பார்த்து, என்றைக்காவது ஒரு பைப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் கல்லும் தூளுமாக ட்ரக்டரில் ஏறிப் போய்விட்டது.

சித்திரை 29, செவ்வாய்

வாங்கு வந்தது. சீமெந்து வாங்கு. சாய்கிற பக்கத்தில் யாரோ ஒரு கனடாக்காரர் தன் தகப்பன் நினைவாக உபயம் என்று தங்க எழுத்து. மேலே கூரை இல்லை. வெய்யிலில் தோசைக்கல். நாய்கூட ஏறாது.

வைகாசி 20, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. எழுதினால்தான் ஆறும்.

காலை ரயில் போய்விட்டது. அடுத்ததற்கு நிறைய நேரம் இருந்தது. வயிறு பொறுக்கவில்லை, பூரணமக்கா வீட்டுக்கு ஓடினேன். போனைக் கதிரையில் விட்டுவிட்டு. உள்ளே இருக்கும்போது ஹோர்ன் கேட்டது. ரயிலா? இந்த நேரத்திலா? ஸ்ரேசன் வேலைக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிவரும் வண்டி அது. அதற்கு நேரசூசி கிடையாது. போன் அடித்துத்தான் சொல்லுவார்கள். அடித்திருக்கிறார்கள். கதிரைதான் கேட்டிருக்கும்.

உடுப்பையும் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்தேன். கயிறு கட்டாமல் கடவை திறந்தபடி. ஒரு ஓட்டோ தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. பின்னுக்கு நேர்சரிப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ரயில் றைவர் பிறேக் போட்டுக் கிறீச்சிட்டபடி வந்தான். ஓட்டோக்காரன் கடந்துவிட்டான். கடந்துதான் திரும்பிப் பார்த்தான். ஒரு பிள்ளை எனக்குக் கை காட்டிக்கொண்டு போகுது. ஒண்டும் தெரியாது அதுக்கு. ஐயோ, ஒண்டும் தெரியாது.

றைவர் இறங்கி வந்து ஏசினான். ஏசட்டும். மேலிடத்திலிருந்து போன் வந்தது. "எங்கை போனனீர்?" "தலைச்சுத்து சேர்" என்றேன். இனி ஒருதரம் என்றால் வேலை இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

தலைச்சுற்று என்று சொல்ல வாய் வருகிறது. மற்றது சொல்ல வரவில்லை. ஏன்? அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் அப்போதும் தலைச்சுற்று என்றுதான் சொல்லியிருப்பேனா?

வைகாசி 21, புதன்

தண்ணீரே குடிக்கவில்லை. காலைத் தேத்தண்ணியும் வேண்டாம் என்று விட்டேன்.

வைகாசி 28, புதன்

றஜிதா மிஸ் காலை முதல் வளைவுத் தூணை அளந்துகொண்டு நின்றா. மத்தியானம் கொட்டிலுக்கு வந்தா. வந்தவ கதைக்காமல் நிற்கிறா. காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறா. எனக்கு விளங்கிவிட்டது. அந்த நிலையை என்னைப் போல அறிந்தவர் உண்டா?

"வாங்கோ மிஸ்" என்று பூரணமக்கா வீட்டைக் காட்டிவிட்டேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றா. முகம் தெளிந்திருந்தது. "அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் இஞ்சைதான் போறனீங்களோ?"

"ஓம் மிஸ்."

"பிறகேன் கூட்டத்திலை ஒருத்தரும் கேக்கேல்லை? நான் பேனையைப் பிடிச்சுக்கொண்டு காத்துக்கொண்டெல்லோ நிண்டனான். கேட்டிருந்தால் அண்டைக்கே போட்டிருப்பம். ஒருத்தரும் கேக்காததை நாங்களா எழுதேலாதக்கா."

நான் கொடியைச் சுருட்டத் தொடங்கினேன்.

போகும்போது சொன்னா: வளைவு முடிந்தாலும் ஒதுக்கியதில் கொஞ்சம் மிஞ்சுமாம். அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஆனி நடுவில் இன்னொரு கூட்டமாம். "இந்த முறை கேளுங்கோ" என்றா.

ஆனி 14, சனி

நாளைக்குக் கூட்டம். சோறு கிண்டும்போது இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இவர் திரும்பிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

ஆனி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஐயா மிச்சக் காசுக்கு வளைவைச் சுற்றிக் கலர் விளக்குப் போடலாம் என்று முடித்து, "வேறை ஆரும்?" என்றார். எழும்பினேன். "எங்களுக்குக் கக்கூஸ் வேணும் ஐயா."

யாரோ இளசுகள் பின்னுக்குச் சிரித்தார்கள்.

"பிள்ளை, சபையிலை பொம்பிளையள் எல்லாம் இருக்கினம்..." என்றார் ஐயா.

"பொம்பிளையளுக்குத்தான் ஐயா கேக்கிறன்!" எனக்குக் குரல் வந்துவிட்டது, பிறகு நிற்கவில்லை. "அண்டைக்குத் தலைச்சுத்து எண்டு சொன்னது பொய். நான் கடவையிலை நிக்கேல்லை. உதுக்குத்தான் போனனான். நேர்சரிப் பிள்ளையளின்ரை ஓட்டோ தண்டவாளத்திலை நிண்டது. உங்கடை பேரப்பிள்ளையும் உதிலைதான் போறது ஐயா. விளக்கைப் போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கு ஒரு கக்கூஸைக் கட்டிப்போட்டுப் போடுங்கோ."

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. பேரனின் கதை அவருக்குத் தெரியாது போல. பிறகு மெல்ல, "கட்டத்தான் வேணும்" என்றார். என் காது நம்பவில்லை.

சந்தோசம் அவ்வளவு நேரந்தான். எங்கே கட்டுவது? வளைவும் வாங்கும் போட்ட பிறகு ஸ்ரேசன் நிலத்தில் இடமில்லை. இருக்கிற துண்டு வைரவர் சூலத்துக்கு நேரே. கூடாது. மற்றப் பக்கம் பொதுக் கிணறு. கூடாது. றோட்டுக்கரை என்றால், "என்ரை வாசலுக்கு நேரையோ? மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்" என்றார் ஒருவர். "என்ரை மதிலோடை ஒட்ட விடமாட்டன்" என்றார் மற்றவர். எல்லோருக்கும் கக்கூஸ் வேண்டும். ஒருவருக்கும் பக்கத்தில் வேண்டாம். மாதக் கடைசிக்குள் இடம் காட்டாவிட்டால் காசு திரும்பிவிடும் என்று றஜிதா மிஸ் சொன்னா. கடைசியில் கலர் விளக்கென்றே எழுதினார்கள்.

பூரணமக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு முழுக் கூட்டமும் இருந்தா. எனக்கு அதுதான் நோவு. வேறு யாரையும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனி 16, திங்கள்

பூரணமக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. வலி. களைப்பு.

ஆடி 11, வெள்ளி

திறப்பு விழா. மேளம், நாதஸ்வரம், நாடா வெட்டு. வளைவு வடிவாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பேரைத் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். பொழுதுபட விளக்கெரிந்தபோது சின்னப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். விருந்தினர்களுக்கு மோர், சர்பத், தேத்தண்ணி. எனக்கும் ஒரு குவளை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

ஆடி 17, வியாழன்

குளிசை மாற்றியிருக்கிறார்கள். இவர் சொல்கிறார்: "வேலையை விடன். கடலிலை படுறதை வைச்சுப் பாப்பம்." பாறை மீனும் இல்லாத மாதத்தில் எதை வைத்துப் பார்ப்பது? ஆனாலும் மாதக் கடைசியோடு விட்டுவிடலாம் என்றுதான் மனம் சொல்கிறது. யாராவது ஆம்பிளை வரட்டும். பனங்காணி இருக்கிறது.

ஆடி 22, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத.

காலையில் பூரணமக்கா இரண்டு கூலியாட்களை வைத்து மூலை வேலியைப் பிரித்துக்கொண்டு நின்றா. ஓலை ஒரு பக்கம், பிடுங்கிய கதியால் ஒரு பக்கம். சரி, இந்த மனுசி ஸ்ரேசன் நிலத்துக்குள் ஒரு முழம் தள்ளப் போகிறா என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? இந்த ஊரில் கதியால் பிடுங்கினால் வெளியேதான் போகும்.

கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், கிடங்கு கிண்டுவது உள்பக்கம். அவவின் மாமரத்தடியில்.

கடவையில் ரயில் இல்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். "என்னக்கா செய்யிறியள்?"

"கதியால் மாத்துறன். தெரியேல்லையே?" என்றா, கோபம் மாதிரி. கால் பெருவிரலால் நிலத்தில் கோடு கீறிக் காட்டினா. புதுவேலி அந்தக் கோட்டில். கக்கூஸ் கோட்டுக்கு வெளியே. படலை தட்டாமல், ஒருவரையும் கேட்காமல், ஸ்ரேசன் ஒழுங்கையிலிருந்து நேரே போகலாம்.

"அக்கா... அந்தக் கல்... அதுதானே உங்கடை எல்லை."

"அது அங்கைதானே கிடக்கும். ஆர் தூக்கிக்கொண்டு போறது?" கொஞ்சம் நிறுத்தினா. "கனடாவிலையிருந்து என்ரை பெடியன் போனிலை கத்துறான், கோட்டுக்குப் போய் மீட்ட காணியெண்டு. கத்தட்டும். எனக்கு வீட்டுக்குள்ளை வேறை கக்கூஸ் இருக்கு."

கிடந்த ஓலையை ஒரு பக்கமாக இழுத்து வைத்தேன். வாய் திறந்தால் அழுதிருப்பேன்.

அவ ஆட்களைப் பார்த்தபடிதான் சொன்னா: "ரெண்டு கூட்டத்திலையும் நீ எழும்பினனி. ரெண்டிலையும் நான் வாய் திறக்காமல் இருந்திட்டன். உன்ரை இடுப்பிலை இடிச்சுவிட மட்டும் கை வந்தது." பிறகு கூலியாளிடம், "டேய், ஆழமாக் கிண்டு, ஆடிக் காத்துக்கு விழப்போகுது!"

போய்க் கொட்டிலில் இருந்து, கொடியால் முகத்தைத் துடைத்தேன். பச்சைக் கொடிதான்.

ஆடி 31, வியாழன்

வேலையை விடவில்லை. சொல்ல வேண்டிய நாள் இன்று. சொல்லவில்லை.

ஆவணி 6, புதன்

காலை ரயிலுக்கு முன் முத்துக்குமாரு ஐயா அந்த மூலையிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். என்னைக் கண்டதும், "நல்ல வெய்யில் பிள்ளை" என்றார். வானம் மூடிக் கிடந்தது. "ஓமையா" என்றேன். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, பாவம். இரண்டு கூட்டத்திலும் இடையிடையே அவர் எழும்பிப் போய் வந்தது ஏனென்று இப்போதுதான் விளங்கியது.

ஆவணி 8, வெள்ளி

ஐயா சைக்கிளில் ஒரு வாளி, ஒரு கோப்பை, கதவுக்குப் புதுக் கொளுக்கி எல்லாம் கொண்டுவந்து தன் கையாலேயே பூட்டினார். போகும்போது பூரணமக்காவிடம், "சுவரிலை உம்மடை பேரை எழுதுவம், உபயம் எண்டு" என்றாராம்.

"என்ரை பேரைக் கக்கூஸிலையோ எழுதப் போறியள்? போங்கோ அங்காலை!" என்று துரத்தினாவாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன். வயிறு நோகவில்லை.

ஆவணி 29, வெள்ளி

வளைவு விளக்கில் ஒரு பக்கம் எரியவில்லை. ஆள் வர வேண்டுமாம், எப்போது என்று தெரியாது. காலை ரயில் தாமதம். நேர்சரி ஓட்டோ கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிள்ளைகள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன்.

வெளிக்கிடும்போது வீட்டில் இரண்டு குவளை தேத்தண்ணி குடித்தேன். போத்தலில் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு போனேன். பின்னேரம் திரும்பி வரும்போது போத்தல் வெறும் போத்தல்.